கேட்டைத் தாண்டாத சேதி

2008 ஆகஸ்ட் 28. இரவு பத்தரை மணி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், கனாவா ஆற்றங்கரையிலுள்ள இன்ஸ்டிட்யூட் என்ற சிற்றூரில் வீடுகள் குலுங்கின. பூச்சிக்கொல்லி ஆலைக்குள்ளிருந்து தீப்பிழம்பு எழுந்தது. 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. எது வெடித்தது, காற்றில் என்ன கலந்திருக்கிறது, ஓடுவதா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. அவர்கள் ஆலையை அழைத்தார்கள். போனை எடுத்தவர் வாயிற்காவலர். உள்ளே ஓர் அவசரநிலை என்பதற்கு மேல் எதையும் சொல்ல அவருக்கு அனுமதியில்லை.

மறுபடி மறுபடி கேட்டும் அதே பதில்தான். மேகம் போலப் புகை நகர்வதாகத் தீயணைப்புத் துறையினர் எச்சரித்த பிறகு, மாவட்ட அதிகாரிகள் ஆலையின் சொல்லுக்குக் காத்திராமல், யாரும் வெளியே வர வேண்டாம் என்று தாங்களாகவே அறிவித்தார்கள். 40,000 பேருக்கு மேல் சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். ஊழியர் ஒருவர் விபத்திலேயே இறந்தார். இன்னொருவர் சில வாரங்கள் கழித்து மருத்துவமனையில் இறந்தார்.

விசாரணையில் தெரிந்த விவரம் இன்னும் கொடியது. வெடித்த கலத்தின் எடை இரண்டு டன்னுக்கு மேல். அது சுமார் 50 அடி தூரம் தூக்கி வீசப்பட்டது. அதே இடத்தில், 80 அடிக்குள், இன்னொரு தொட்டி நின்றது. அதில் ஆறு டன்னுக்கு மேல் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. போபாலைக் கொன்ற அதே எம்.ஐ.சி. கலம் வேறு திசையில் பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைத்தான் பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே எழுப்பியது.

வாயிற்காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வாயை அடைத்தது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் அந்தப் பள்ளத்தாக்கில் எப்படி வளர்ந்தது, நடுவில் எப்படித் தளர்ந்தது, எந்தப் பயத்தின் பெயரால் திரும்பி வந்தது என்பது முக்கால் நூற்றாண்டுக் கதை.

இன்ஸ்டிட்யூட் என்ற பெயரே அங்குள்ள கல்லூரியால் வந்தது. கறுப்பின மாணவர்களுக்காக 1891-ல் தொடங்கப்பட்ட கல்விக்கூடம் அது. இன்று மேற்கு வர்ஜீனியா மாநிலப் பல்கலைக்கழகம். கல்லூரிக்கு அருகில் ஒரு விமானத் தளமும் இருந்தது. கறுப்பின இளைஞர்கள் அங்கே விமானம் ஓட்டக் கற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் செயற்கை ரப்பர் தேவைப்பட்டபோது அந்தத் தளத்தின் மேல் ஆலை எழுந்தது. போர் முடிந்ததும், 1947-ல், யூனியன் கார்பைடு அதை வாங்கியது. ஆற்றின் இரு கரையிலும் ஏற்கெனவே ஆலைகள் வரிசை கட்டி நின்றன. ‘கெமிக்கல் வேலி’, அதாவது ரசாயனப் பள்ளத்தாக்கு, என்று அவ்வூர் மக்களே பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது. சம்பளம் நன்றாக இருந்தது. வாடையைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். கனாவா ஆறு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற மலைப்பகுதியில், 1930-ல் ஒரு சுரங்கப்பாதை வெட்டும் வேலை தொடங்கியது. நீர்மின் நிலையத்துக்காக ஆற்றை மலைக்குள் திருப்பும் திட்டம். அதுவும் கார்பைடு குழுமத்தினுடையதே. குடைந்த பாறையில் சிலிக்கா மிகுந்திருந்தது. உலோக ஆலைக்குப் பயன்படும் என்பதால் அந்தக் கல்லைச் சேர்த்து அனுப்பினார்கள். ஆகவே, கல்லில் இருப்பது என்ன என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. உள்ளே இறங்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களில் பெரும்பான்மையோர் தெற்கிலிருந்து பிழைப்புக்காக வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். பார்வையிட வந்த பொறியாளர்கள் முகமூடி அணிந்திருந்ததாகவும், துளையிட்டவர்களுக்கு அது தரப்படவில்லை என்றும் 1936-ல் நாடாளுமன்ற விசாரணையில் சாட்சியங்கள் பதிவாகின. நுரையீரலில் சிலிக்கா படிந்து இறந்தவர்கள் 764 பேராவது இருக்கும் என்று மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் பிற்காலத்தில் கணக்கிட்டார். பலர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூட ஒழுங்காகக் குறித்துவைக்கப்படவில்லை.

பயங்கரவாதம் என்ற சொல் அன்று அந்தப் பள்ளத்தாக்கில் யார் வாயிலும் இல்லை. எதிரி நாட்டு உளவாளிகளுக்குப் பயந்தும் யாரும் மறைக்கவில்லை. சொன்னால் ஆள் வேலைக்கு வரமாட்டான் என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. பின்னால் வந்த காரணங்களை எடைபோடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கார்பைடின் போபால் ஆலைக்கும் இன்ஸ்டிட்யூட்டுக்கும் இருந்தது தாய்–பிள்ளை உறவு. போபாலிலேயே எம்.ஐ.சி. தயாரிக்கும் பிரிவு 1980-ல் இயங்கத் தொடங்கும் வரை அந்தத் திரவம் அமெரிக்காவிலிருந்து பீப்பாய்களில் வந்துகொண்டிருந்தது. 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நிபுணர் குழு போபால் ஆலையைச் சோதித்துக் குறைகளைப் பட்டியலிட்டது. அந்த அறிக்கை ஆலைச் சுவருக்குள்ளேயே தங்கியது. சுவருக்கு வெளியே, ஜே.பி. நகர் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. அதே ஆண்டு, ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் தம்முடைய சிறு வார இதழில், இந்த நகரம் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினார். ஆலையில் வேலைபார்த்த அவருடைய நண்பர் 1981 இறுதியில் பாஸ்ஜீன் வாயு தாக்கி இறந்துபோயிருந்தார். அந்த மரணம்தான் அவரைத் தேடவைத்தது. எழுதியும் பயனில்லை. 1984 ஜூனில் ‘ஜன்சத்தா’ நாளிதழில் மறுபடியும் எழுதினார். அப்போதும் யாரும் அசையவில்லை.

இன்னொரு காகிதமும் உண்டு. 1984 செப்டம்பரில் இன்ஸ்டிட்யூட் ஆலையில் நடந்த உள்ளாய்வு, எம்.ஐ.சி. தொட்டிகளில் கட்டுக்கடங்காத வேதிவினை நிகழ்ந்து பேரழிவு வரலாம் என்று எச்சரித்தது. போபாலுக்கு அந்த எச்சரிக்கை அனுப்பப்படவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 2 நள்ளிரவில் 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து அதே வினைதான் நடந்தது. சுமார் 40 டன் வாயு நகரத்தின் மேல் படர்ந்தது.

அந்த இரவில் மக்கள் இறந்ததற்கு வாயு ஒரு காரணம். அறியாமை இன்னொரு காரணம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காற்றின் போக்கிலேயே ஓடியவர்கள் வாயுவோடு சேர்ந்து ஓடினார்கள். மூச்சிரைக்க ஓட ஓட இன்னும் அதிகமாக உள்ளே இழுத்தார்கள். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பலர். அதைச் சொல்ல ஆளில்லை. ஹமீதியா மருத்துவமனையில் குவிந்த ஆயிரக்கணக்கானோருக்கு என்ன சிகிச்சை தருவது என்று மருத்துவர்கள் ஆலையைக் கேட்டபோது, கண்ணீர்ப்புகை போல எரிச்சல் தரும் வாயுதான், தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள் என்ற வகையில்தான் பதில் வந்தது. உடனடியாக இறந்தவர்கள் 2,259 பேர் என்றது அரசின் முதல் கணக்கு. பிறகு அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

செய்தி கனாவா பள்ளத்தாக்கை எட்டியபோது, தங்கள் ஊரிலும் அதே திரவம் இருக்கிறது என்பதை இன்ஸ்டிட்யூட் மக்களில் பலர் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்கள். ‘எம்.ஐ.சி. பற்றிக் கவலைப்படும் மக்கள்’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு உருவானது. 1980-க்கும் 1984-க்கும் இடையில் அந்த ஆலையில் 28 முறை சிறு அளவில் எம்.ஐ.சி. கசிந்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. எம்.ஐ.சி. பிரிவைக் கொஞ்ச காலம் மூடி, கூடுதல் பாதுகாப்புச் செய்து மீண்டும் திறந்தார்கள். 1985 ஆகஸ்ட் 11-ல் வேறொரு ரசாயனம், ஆல்டிகார்ப் ஆக்சைம், கசிந்தது. 130 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். வாயு எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க ஆலையில் புதிதாக ஒரு கணினி நிரல் இருந்தது. அதற்கு ஆல்டிகார்ப் ஆக்சைமைப் பற்றிய விவரமே ஊட்டப்படவில்லை.

போபாலும் இந்தக் கசிவும் சேர்ந்துதான் ஒரு சட்டத்தை ஈன்றன. 1986 அக்டோபர் 17-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். அவசரகாலத் திட்டமிடலும் சமூகத்தின் அறியும் உரிமையும் பற்றிய அந்தச் சட்டம், ஆலைகள் எந்த ரசாயனத்தை எவ்வளவு வைத்திருக்கின்றன என்று மாநிலத்துக்கும், உள்ளூர்த் திட்டக் குழுவுக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும் ஆண்டுதோறும் எழுதிக்கொடுக்கச் சொன்னது. காற்றிலும் நீரிலும் நிலத்திலும் எவ்வளவு நஞ்சை விடுகிறோம் என்ற கணக்கையும் கேட்டது. அந்தக் கணக்கைக் கணினித் தொலைத்தொடர்பு வழியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று சட்டமே எழுதியது. உலகளாவிய வலை அப்போது பிறக்கவே இல்லை. மோடத்தைத் தொலைபேசியில் மாட்டி, வரி வரியாகத் திரையில் விழுவதைப் பார்த்திருக்க வேண்டிய காலத்தில், அரசு ஒரு தகவல் களஞ்சியத்தை 1989-ல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

விளைவு சட்டம் இயற்றியவர்களே எதிர்பாராதது. நச்சை விட்டதற்கு யாருக்கும் அபராதம் இல்லை, அளவுக்கு வரம்பும் இல்லை. எண்ணைச் சொல் என்பது மட்டுமே கட்டளை. முதல் கணக்கைக் கொடுப்பதற்கான கெடுவுக்கு முந்தைய நாள், 1988 ஜூன் 30-ல், மான்சாண்டோ நிறுவனத் தலைவர் காற்றில் விடும் நச்சை 1992-க்குள் 90 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார். தம் நிறுவனத்தின் எண்ணைத் தாமே முழுதாகப் பார்த்தபோது அவருக்கே அதிர்ச்சி. அடுத்த பத்தாண்டுகளில் நாடு முழுதும், பட்டியலிலிருந்த நச்சுகளின் வெளியேற்றம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த காட்சியும் கனாவா பள்ளத்தாக்கில்தான் அரங்கேறியது. 1994 ஜூன் மாதம், மாநிலத் தலைநகர் சார்லஸ்டனின் கடைவளாகத்தில் ஆலை நிர்வாகங்கள் கடை விரித்தன. தள்ளுபடி விற்பனைக்காக அல்ல. எங்கள் ஆலையில் மிக மோசமான விபத்து நேர்ந்தால் வாயு எத்தனை மைல் போகும், யார் யாரைத் தொடும், அதைத் தடுக்க என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று வரைபடங்களை விரித்துவைத்து, ஊர்க்காரர்களுக்கு நேருக்கு நேர் விளக்கினார்கள். ‘பாதுகாப்புத் தெரு’ என்று அதற்குப் பெயர். மக்கள் வரைபடத்தில் தங்கள் வீட்டைத் தேடினார்கள். பீதி பரவும், ஊர் காலியாகும் என்று சிலர் சொல்லியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஹாக்ஸ் நெஸ்ட்டிலிருந்து அந்தக் கடைவளாகத்துக்கு வந்துசேர அந்தப் பள்ளத்தாக்குக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

திரும்பிப் போக ஐந்தே ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.

1990-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தம், ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஏறத்தாழ 15,000 நிறுவனங்களிடம் ‘மிக மோசமான விபத்து’ கணிப்பு அடங்கிய இடர்த் திட்டங்களைக் கேட்டிருந்தது. 1999 ஜூனில் அவை வந்துசேர வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவற்றை இணையத்தில் வெளியிடத் திட்டமிட்டது. எஃப்.பி.ஐ. எதிர்த்தது. ரசாயனத் தொழில் சங்கமும் சேர்ந்துகொண்டது. எந்த ஆலையைத் தாக்கினால் எத்தனை பேர் சாவார்கள் என்ற பட்டியலைப் பயங்கரவாதிகள் கையில் கொடுப்பதா என்பது அவர்கள் கேள்வி.

கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வாயு விடப்பட்டது. அடுத்த மாதமே ஓக்லஹோமா நகரில் அம்மோனியம் நைட்ரேட் உரத்தால் செய்த குண்டு 168 உயிர்களைக் குடித்தது. அந்த இரண்டும் நெஞ்சில் பச்சையாக இருந்த காலம். பூட்டின் சாவி எங்கே, காவல் எந்த நேரத்தில் மாறும், எந்தக் குழாயை வெட்டினால் உடையும் என்பவை ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால், என் வீட்டுக்கு அரை மைலில் என்ன வாயு இருக்கிறது, அது வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு வகைத் தகவல். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியதுதான் 1999 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தின் பிழை.

பூட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். நாடு முழுதும் குறைந்தது 50 வாசிப்பறைகள். அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே போக வேண்டும். மாதத்துக்குப் பத்து ஆலைகளின் விவரத்தைப் பார்க்கலாம். நகல் எடுக்கக் கூடாது. வேண்டுமானால் கையால் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். ஒரு நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுப்பதைவிடக் கடினமாக்கப்பட்டது தன் தெருவின் ஆபத்தைத் தெரிந்துகொள்வது. வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, தொலைதூர அலுவலகத்தின் பதிவேட்டில் பெயர் எழுதி எத்தனை தாய்மார்கள் போயிருப்பார்கள்?

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு எஞ்சியிருந்ததும் போனது. ஆலைகளின் இடர்த் திட்டங்கள் முகமையின் இணையதளத்திலிருந்து இறக்கப்பட்டன. குடிநீர் எடுக்கும் ஆறுகளையும் ஏரிகளையும் பற்றிய அரசுக் குறுந்தட்டு ஒன்றை அழித்துவிடச் சொல்லி நூலகங்களுக்கு அக்டோபரில் கடிதம் போனது. 2002-ல் கடல்சார் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துறைமுகங்களையும் படகுத்துறைகளையும் காப்பதற்கான சட்டம் அது. ‘பாதுகாப்பு உணர்திறன் கொண்ட தகவல்’ என்ற முத்திரை குத்தப்பட்டால் அதை வெளியே பேசக் கூடாது.

இன்ஸ்டிட்யூட் ஆலைக்கு ஆற்றில் ஒரு படகுத்துறை இருந்தது. அப்போது ஆலை பேயர் நிறுவனத்தின் கையில். 2008 வெடிப்பை விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் ஊர்மக்கள் முன்னிலையில் கூட்டம் நடத்தத் தயாரானபோது, நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அந்தப் படகுத்துறையைப் பிடித்துக்கொண்டார்கள். கடல்சார் சட்டம் எங்களுக்குப் பொருந்தும், ஆகவே ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்கள் ரகசியம் என்றார்கள். மார்ச்சில் நடக்கவிருந்த கூட்டம் தள்ளிப்போனது.

2009 ஏப்ரல் 21-ல் நாடாளுமன்றக் குழு நிறுவனத் தலைவரை அழைத்துக் கேட்டது. அவர் ஒளிக்கவில்லை. ரகசிய முத்திரை கோரியதற்கு, எம்.ஐ.சி. பற்றிய பொது விவாதம் கிளம்பாமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணமும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டார். பாதுகாப்புக்கென்று வாங்கிய பூட்டு கடைசியில் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு அந்த வாக்குமூலத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இரண்டு நாளில் இன்ஸ்டிட்யூட்டில் பொதுக்கூட்டம் நடந்தது. விவாதமும் நடந்தது. 2011-ல் அந்த ஆலை எம்.ஐ.சி.யைக் கைவிட்டது. போபால் நடந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் அந்தத் திரவத்தைப் பெருமளவு தேக்கிவைத்திருந்த கடைசி ஆலை அதுவே.

பள்ளத்தாக்கின் கதை அதோடு முடியவில்லை. 2014 ஜனவரி 9 காலை, சார்லஸ்டன் மக்கள் காற்றில் அதிமதுர வாடை வீசுவதாகச் சொன்னார்கள். எல்க் ஆற்றங்கரையிலிருந்த ஒரு கிடங்கின் தொட்டி ஓட்டையாகி, நிலக்கரி கழுவப் பயன்படும் ரசாயனம் ஆற்றில் கலந்திருந்தது. ஒன்றரை மைல் கீழே குடிநீர் எடுக்கும் இடம். மூன்று லட்சம் பேருக்குக் குழாய்நீர் தடை செய்யப்பட்டது. அந்த ரசாயனம் அங்கே இருப்பது அரசுக்குத் தெரியாததல்ல. முந்தைய ஆண்டே படிவம் கொடுக்கப்பட்டிருந்தது. படிவம் கோப்பில் தூங்கியது. இரண்டாவதாக இன்னொரு ரசாயனமும் கலந்திருந்ததை நிறுவனம் சொன்னபோது 12 நாள் ஆகியிருந்தது. யாரும் படிக்காத தகவல் பூட்டிய தகவலைப் போலவே ஆகிவிடும் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் படிக்கும் பழக்கம் எப்படிப் போனது? ஊர் பார்க்க முடியாத கோப்பை அதிகாரியும் பார்ப்பதை விட்டுவிடுகிறார்.

டெக்சாஸில் இதற்குக் கொடுத்த விலை இன்னும் அதிகம். 2013 ஏப்ரல் 17 மாலை, வெஸ்ட் என்ற சிற்றூரின் உரக் கிடங்கில் தீப்பிடித்தது. தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் விரைந்தார்கள். தீப்பிடித்ததாகத் தகவல் வந்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் சுமார் 30 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள். முதியோர் இல்லமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் பள்ளியும் கிடங்குக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டிருந்தன. கிடங்கு அரசுக்குக் கொடுத்த இடர்த் திட்டம் வேறொரு ரசாயனமான அம்மோனியாவைப் பற்றியது. தீயோ வெடிப்போ நேரும் அபாயம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. வெடிக்கும் ஆபத்தைத் தீயணைப்பு வீரர்கள் அறிந்திருக்கவில்லை என்று விசாரணை முடிவு செய்தது.

இத்தனைக்கும் பிறகு, 2014-ல் அதே டெக்சாஸ் மாநில அரசு, எந்தக் கிடங்கில் என்ன ரசாயனம் என்ற பட்டியலைப் பொதுமக்களுக்குத் தர வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. பயங்கரவாதத் தடுப்பே காரணம். மக்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு, வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள், ஆலையிலேயே கேளுங்கள் என்ற பொருளில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதிலளித்தார். இன்ஸ்டிட்யூட்டின் வாயிற்காவலரிடம் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று அவர் யோசித்திருக்கலாம். 2017-ல் ஹார்வி புயல் வெள்ளத்தில் கிராஸ்பி என்ற ஊரின் ரசாயன ஆலை மூழ்கி, குளிரூட்டப்பட வேண்டிய பெராக்சைடுகள் எரிந்தபோது, உள்ளே என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை வெளியிட நிறுவனம் மறுத்தது. சாலையில் காவல் நின்ற போலீஸார் புகையைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1976-ல் இத்தாலியின் செவேசோவில் டையாக்சின் மேகம் கிளம்பியபோது அங்கேயும் நிறுவனம் நாட்கணக்கில் வாய் திறக்கவில்லை. அதிலிருந்து பிறந்த செவேசோ நெறிமுறை, 2012-ல் மூன்றாம் முறை எழுதப்பட்டபோது, ஆபத்தும் அப்போது செய்ய வேண்டியதும் மக்களுக்கு எப்போதும், இணையத்திலும், கிடைக்க வேண்டும் என்றது. அமெரிக்காவோ 2024-ல் இடர்த் திட்டங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு கருவியை இணையத்தில் வைத்துவிட்டு, 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டது.

போபாலின் சொந்த நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி பிரிவு சேர்க்கப்பட்டது: ஆபத்தான ஆலை நடத்துபவர், அண்டையில் வாழும் மக்களுக்கு ஆபத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது அது. 1989-ன் அபாயகர ரசாயன விதிகளும் அதையே சொல்கின்றன. ஆனால், 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி ஆர்.ஆர். வெங்கடாபுரத்துக்குள் நுழைந்தபோது, ஆலையில் 36 இடங்களில் அபாயச் சங்கை ஒலிக்கவைக்கும் வசதி இருந்தும் எதுவும் ஒலிக்கவில்லை என்று அரசின் உயர்மட்டக் குழு கண்டது. 12 பேர் இறந்தார்கள். பலர் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவில் விழுந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அம்மோனியம் நைட்ரேட்டால் பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. அதற்கு அடுத்த நாட்களில்தான் வடசென்னை மக்கள், மணலியிலுள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கண்டெய்னர்களில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதைச் செய்தியில் பார்த்தார்கள். 2015-லேயே சுங்கத் துறை பறிமுதல் செய்தது அது. ஐந்து ஆண்டுகள் அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் பள்ளிக்கும் வேலைக்கும் போய்வந்திருந்தார்கள். விஷயம் வெளியே வந்தது. சில நாட்களில் கண்டெய்னர்கள் லாரிகளில் ஏறி ஹைதராபாத்துக்குக் கிளம்பின. ஐந்து ஆண்டுகளில் நகராத சரக்கு, ஊருக்குத் தெரிந்ததும் நகர்ந்தது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்னால், எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிய, தொண்டை அடைக்க எழுந்தார்கள். கப்பலிலிருந்து உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்திருந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு வலைகளில் ஒட்டியிருந்தது இன்னும் போகாத நேரம் அது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல், கிடைத்த வண்டியில் ஏறினார்கள். 50 பேர் வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பொழுது விடிந்ததும் மீனவக் குப்பத்துப் பெண்கள் ஆலையின் கேட் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.